ஓம்புயிர்

1

உயிரியல் பாடப்புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஓம்புயிர். ஓர் உயிரின் மேலேயோ உள்ளேயோ இன்னோர் உயிர் குடியேறித் தின்று வாழ்ந்தால், இடம் கொடுத்த உயிருக்கு அந்தப் பெயர். சில புத்தகங்களில் விருந்தோம்பி என்றே போட்டிருக்கும். கலைச்சொல் ஆக்கியவர்கள் விருந்தோம்பலிலிருந்துதான் இதை எடுத்திருக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் விருந்தோம்பல் என்றதும் எல்லாருக்கும் ஒரே ஞாபகம் வருவதில்லை.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் விருந்தோம்பலைத் தமிழர் பண்பாட்டின் உச்சம் என்று நடத்தினார்கள். திருக்குறளில் 9ஆவது அதிகாரம், பத்துக் குறள். நானும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவள்தான். ஆனால் விருந்தோம்ப வீடு வேண்டும், சோறு வேண்டும். ரெண்டும் இருந்தாலும் வந்து உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும். எங்க தெருவில் வீடு இருந்தது. அறுப்புக் காலத்தில் சோறும் இருந்தது. ஊர்த்தெருவிலிருந்து வந்து எங்க வீட்டில் கை நனைக்கத்தான் ஒருத்தரும் இல்லை. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள்கூட மூடி திறக்காத சோடாவாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி, தாங்களே திறந்து குடித்துவிட்டுப் போவார்கள். ஆக, விருந்தோம்பல் எங்களுக்கு மறுக்கப்பட்ட அறம். கொடுக்க மனசில்லாமல் இல்லை, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல்.

இப்போது விஞ்ஞானம் வந்து வேறொன்று சொல்கிறது. நீயும் ஓம்புயிர், ஊர்த்தெருக்காரனும் ஓம்புயிர், கருவறைக்குள் நிற்பவனும் ஓம்புயிர். எல்லார் உடம்பிலும் நாளும் பொழுதும் பந்தி நடக்கிறது. அழைக்காமல் வந்தவை, சாதி கேட்காமல் வந்தவை உட்கார்ந்து தின்கின்றன. அவற்றில் பாக்டீரியாவைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது பூஞ்சைகளை. கேள்வி இதுதான்: சேர்ந்து வாழ்வது என்பது தன்னளவில் ஒரு நல்ல காரியமா? கூடி வாழ்கிறோம் என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்டதும் நாம் சந்தோஷப்பட்டுவிடலாமா?

2

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். 2016ல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, ஒரு மனிதரின் சொந்தச் செல்கள் ஏறக்குறைய 30 லட்சம் கோடி. அந்த உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி. பூஞ்சைகள் எண்ணிக்கையில் இவற்றைவிட மிகவும் குறைவு. ஆனால் உருவத்தில் பெரியவை, காரியத்திலும் சின்னவை அல்ல.

தோலில் முக்கியமான குடித்தனக்காரர் மலசீசியா என்கிற ஈஸ்ட். தலை, முகம், மார்பு, முதுகு என்று எண்ணெய் கசியும் இடங்களில் இருக்கும். அதற்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. நம் தோல் சுரக்கும் கொழுப்பைத் தின்றுதான் ஆக வேண்டும். இது இல்லாத பெரிய மனுசர் கிடையாது. பட்டு வேட்டிக்குள்ளும் இருக்கும், கோவணத்துக்குள்ளும் இருக்கும். பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்குப் பொடுகாகும். வேர்வையும் புழுக்கமும் கூடும்போது இழையாக உருமாறித் தேமலாகப் படரும்.

வாய், குடல், பெண்ணுறுப்பு ஆகியவற்றில் இருப்பது கேண்டிடா. பல குழந்தைகளுக்கு இது பிறக்கும்போதே தாயிடமிருந்து வருகிறது. தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் சீதனங்களில் இதுவும் ஒன்று. கைக்குழந்தை வாயில் மாவு தடவின மாதிரி வெள்ளை படிந்தால் அக்கரம் என்று நம் கிழவிகள் சொல்வார்கள். அதற்கும் காரணம் இதுவே. மற்றபடி ஆயுசு முழுக்க அது பாட்டுக்கு இருக்கும், நாம் பாட்டுக்கு இருப்போம்.

2013ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆரோக்கியமான பத்துப் பேரின் தோலில் பதினான்கு இடங்களில் சுரண்டி எடுத்துப் பூஞ்சைகளை எண்ணினார்கள். உடம்பிலும் கையிலும் எங்கு பார்த்தாலும் மலசீசியாவே அதிகம். ஆனால் காலுக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. குதிகாலில் மட்டும் 80 பேரினங்கள் அளவுக்கு. விரலிடுக்கில் 60, நகத்தில் 40. மனித உடம்பிலேயே பலதரப்பட்ட பூஞ்சைகள் கூடிக் குடியிருக்கும் இடம் பாதம்தான்.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷனின் உடம்பைக் கூறுபோட்டு, வாயிலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், பாதத்திலிருந்து ஒருவன் என்று பிறக்க வைத்தார்கள். அந்தப் பாதத்திலும் இடமில்லை என்று எங்களை வெளியே நிறுத்தினார்கள். நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால் அந்தப் பாதம் ஒரு பெரிய சந்தை. அதற்கு மேல் இதிலிருந்து எந்தத் தத்துவத்தையும் நான் கறக்கப் போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இவை நமக்கு ஏதாவது செய்கின்றனவா? செய்கின்றன என்று தெரியவந்திருக்கிறது. நம் ரத்தத்தில் பூஞ்சைகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்கள் உண்டு. அவை அந்தத் தொழிலைப் பெரும்பகுதி கேண்டிடாவிடமே பழகிக்கொள்கின்றன என்று 2019ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கேண்டிடாவோடு பழகிய அணு, காற்றில் வரும் வேறொரு பூஞ்சையையும் கண்டுபிடித்துவிடும். அதே பயிற்சி சிலருக்கு நுரையீரலில் வேண்டாத அழற்சியையும் கிளப்பிவிடும் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. கொடுப்பதும் கெடுப்பதும் ஒரே கைதான்.

இன்னொரு சங்கதி. கேண்டிடாவுக்கு ரெண்டு உருவம். உருண்டையாக இருக்கும்போது சாது. நீண்டு இழையாகும்போது திசுவைத் துளைக்கும். அப்படித் துளைக்க அது சுரக்கும் நஞ்சை 2016ல்தான் கண்டுபிடித்தார்கள். இத்தனை வருசம் கூடவே குடியிருந்த உயிரின் இடுப்பில் கத்தி இருந்தது அதுவரை தெரியாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி நிமிர்ந்து நிற்கிற வரைக்கும், பக்கத்துக் குடித்தனமான பாக்டீரியா இடத்தை விட்டுக்கொடுக்காத வரைக்கும், கத்தி உறையில் இருக்கும். காய்ச்சலுக்குத் தின்ற மாத்திரை அந்தப் பாக்டீரியாவை அழித்தால், சர்க்கரை ஏறினால், எய்ட்ஸில் எதிர்ப்பணுக்கள் விழுந்தால், கத்தி வெளியே வரும்.

அப்படியானால் அந்த அமைதி நட்பினால் வந்த அமைதி இல்லை. பலமும் பலமும் முட்டிக்கொண்டு நிற்பதால் வந்த அமைதி. இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3

வார்த்தைகளைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். தமிழ் படித்தவளுக்கு அதுதானே தொழில்.

கெடுதல் செய்யாமல் கூட இருந்து தின்கிற உயிரை விஞ்ஞானிகள் கமென்சல் என்கிறார்கள். இந்தச் சொல்லை 1870களில் உயிரியலில் பரப்பியவர் பெல்ஜியம் நாட்டு விலங்கியலாளர் வான் பெனடன். லத்தீனில் அதற்கு ஒரே மேசையில் கூட உண்பவர் என்று பொருள். நம் பாஷையில் சொன்னால் சமபந்தி. கெடுதல் செய்து தின்கிற உயிருக்குப் பாரசைட் என்று பெயர். அது கிரேக்கச் சொல். சோற்றுக்குப் பக்கத்தில் இருப்பவன், அடுத்தவன் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து தின்பவன் என்று பொருள். ரெண்டு சொல்லும் பந்தியிலிருந்து வந்தவை என்பதைக் கவனியுங்கள். யார் பந்தியில் உட்காரலாம், யார் பந்திக்கு வெளியே காத்துக் கிடக்க வேண்டும் என்கிற மனுசக் கணக்குதான் முதலில் இருந்தது. நுண்ணுயிர்களுக்கு அது பிறகு மாட்டப்பட்டது. சாதியை ஆராய்கிற மானிடவியல்காரர்களும் யார் யாரோடு உண்ணலாம் என்கிற விதிகளை இதே வேரிலிருந்து வந்த சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

மூன்றாவது சொல் சிம்பயாசிஸ். கூட்டுயிர் வாழ்வு என்று தமிழில் எழுதுகிறோம். 1878ல் இதைப் பேசி, 1879ல் அச்சில் கொண்டுவந்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி. அவர் பூஞ்சைகளை ஆராய்ந்தவர். அவர் சொன்ன அர்த்தம், வேறு வேறு வகை உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்பதுதான். அதில் ஒருவருக்கொருவர் உதவுவதும் அடக்கம், ஒன்றையொன்று உறிஞ்சுவதும் அடக்கம். கூட்டுயிர் என்றாலே பரஸ்பர நன்மை என்கிற இனிப்பை அப்புறம் வந்தவர்கள்தான் தடவினார்கள்.

அவருக்குக் கொஞ்சம் முன்னால் ஷ்வெண்டனர் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர், பாறையில் படரும் லைக்கன் ஒற்றை உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று கண்டுபிடித்தார். பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதை விளக்கும்போது 1869ல் அவர் என்ன உவமை சொன்னார் தெரியுமா? பூஞ்சை எசமான், பாசிகள் அடிமைகள். பாறையில் எசமானும் கிடையாது, அடிமையும் கிடையாது. பார்த்த கண்ணில் இருந்தது.

இயற்கையைப் பார்த்து நாம் சமூகத்தைப் படிக்கிறோம் என்று நினைக்கிறோம். பல நேரம் சமூகத்தை வைத்து இயற்கையைப் படித்துவிட்டு, அதையே திருப்பி எடுத்துவந்து, பார் இயற்கையே இப்படித்தான் என்று நம் தலையில் வைக்கிறார்கள்.

4

கிராமத்தைப் பற்றி இந்த நாட்டில் அப்படி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தொழில், ஒருவரை ஒருவர் அண்டி வாழ்ந்தார்கள், போட்டியில்லை, பொறாமையில்லை என்று. 1983ல் மாதவ் காட்கில், கைலாஷ் மல்ஹோத்ரா என்ற ரெண்டு அறிஞர்கள் சாதி அமைப்பைச் சூழலியல் கண்ணோட்டத்தில் விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். காட்டில் வெவ்வேறு உயிரினங்கள் வெவ்வேறு வளங்களைப் பயன்படுத்திக்கொள்வது போல, சாதிகளும் வளங்களைப் பிரித்துக்கொண்டு போட்டியைக் குறைத்துக்கொண்டன என்பது அதன் வாதம். அவர்கள் சூழலை நேசித்தவர்கள், கெட்ட எண்ணத்தோடு எழுதியவர்கள் அல்ல. ஆனால் கேட்கிறேன். செத்த மாட்டைத் தூக்குவது எனக்கென்று ஒதுக்கப்பட்ட வளமா? மலக்குழி எனக்கான வாழிடமா? ஓர் இனம் இன்னோர் இனமாக மாற முடியாது, அதனால் காட்டில் பங்கீடு நடக்கிறது. மனுசர் எல்லாரும் ஒரே இனம். எந்தத் தொழிலையும் யாரும் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொள்ள விடாமல் தடியோடு நின்றதற்குச் சூழலியல் என்று பெயர் வைக்க முடியாது. தொழிலைப் பிரித்ததோடு நிற்காமல் தொழிலாளியையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கியது சாதி என்று பாபாசாகேப் 1936லேயே சாதி ஒழிப்பில் சொல்லிவிட்டார். அதற்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதைவிடப் பயங்கரம். 1938ல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கு ஒரு படப்புத்தகம் போட்டார்கள். பெயர் விஷக்காளான். நல்ல காளானிலிருந்து விஷக்காளானைப் பிரித்தறிவது எப்படி என்று ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அப்படியே யூதர்களையும் பிரித்தறிய வேண்டும் என்று பாடம் போகிறது. வெளியிட்டவர் ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர். நியூரம்பர்க் விசாரணைக்குப் பிறகு 1946ல் அவரைத் தூக்கில் போட்டார்கள். அதற்குள் பல லட்சம் குழந்தைகள் உட்பட அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். மனுசரைக் காளான் என்றும் ஒட்டுண்ணி என்றும் சொல்கிற உவமை வெறும் உவமையாக நிற்பதில்லை. அது வீட்டைக் கொளுத்தக் கிளம்பிவிடும்.

அதனால்தான் மேலே பாதத்திலிருந்து தத்துவம் கறக்க மாட்டேன் என்றேன். நான் எங்கள் மக்களைப் பூஞ்சைக்கு ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டை மற்றவர்கள் ஏற்கனவே செய்துவிட்டார்கள். அதைத் தலைகீழாகத் திருப்பி, பண்ணையார்தான் ஒட்டுண்ணி, உழைக்கிறவன்தான் ஓம்புயிர் என்று எழுதுவதும் சுலபம். எழுதினால் கைதட்டுவார்கள். உண்மையும் அதில் பாதி இருக்கிறது. ஆனால் மனுசனைப் புழுவாகவோ பூசணமாகவோ பார்க்கப் பழகின கண், யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்க்கும். பண்ணையார் பூசணம் இல்லை. பூசணத்துக்கு வேறு வழியில்லை, கொழுப்பைத் தானே செய்யத் தெரியாது. பண்ணையாருக்கு வேறு வழி இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தார். அதனால்தான் அவரிடம் கணக்குக் கேட்க முடிகிறது.

5

சரி, உவமையை விடுவோம். பூஞ்சையைப் பூஞ்சையாகவே பார்ப்போம். அப்போதுதான் அறக் கேள்வி சரியான இடத்தில் வந்து நிற்கிறது.

எங்க அம்மா நடவுக்காரி. நாற்று நடுகிற மாதத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கால் சேற்றில்தான் இருக்கும். விரலிடுக்குத் தோல் ஊறி வெளுத்து வெடித்துவிடும். சேத்துப்புண்ணு. ஊறின தோலில் கேண்டிடாவும் மற்றப் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் சேர்ந்து புகுந்துகொள்ளும். அரிப்பும் எரிச்சலும் ராத்திரியில்தான் கூடுதல். மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாங்க. ஊரில் மற்றப் பெண்களுக்கு மருதாணி கையில், எங்க பெண்களுக்குக் காலிடுக்கில்.

ஒரு தடவை புண் முற்றிக் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். தொடவில்லை. “கால சுத்தமா வச்சிக்கணும்மா. தண்ணியில நிக்காத” என்று சீட்டு எழுதினார். வெளியே வந்து அம்மா சொன்னது:

“தண்ணியில நிக்காதயாமுல்ல. நா நிக்கலன்னா அந்த ஐயா எதத் திம்பாரு?”

இந்தக் கேள்வியில் ஒரு முழுத் தர்க்கம் இருக்கிறது. அந்தப் பூஞ்சை அம்மாவின் அழுக்கினால் வரவில்லை. அது எல்லார் காலிலும் இருப்பது. டாக்டர் காலிலும் ஷூவுக்குள் இருக்கிறது. அதைப் புண்ணாக்கியது பத்து மணி நேரச் சேறு. பத்து மணி நேரத்தை முடிவு செய்தது அம்மா இல்லை. சாப்பிட்டது ஊர் முழுக்க. ஆனால் “சுத்தமா இரு” என்கிற புத்திமதி மட்டும் அம்மாவுக்கு.

பெண்களின் இன்னொரு நோயையும் சொல்லியாக வேண்டும். கேண்டிடாவால் வரும் வெள்ளைப்படுதலும் அரிப்பும் நாலில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும் என்பது மருத்துவக் கணக்கு. பணக்காரி, ஏழை வித்தியாசமில்லை. ஆனால் வயலில் ஈரச் சேலையோடு நாள் முழுக்க நிற்கிறவள், மாத்துத் துணியை வெயிலில் காயப்போட வெட்கப்பட்டு இருட்டு மூலையில் போடுகிறவள், சர்க்கரை இருப்பதே தெரியாதவள், இவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வரும். “சூடும்மா, எளநி குடி” என்று சொல்லிக்கொள்வார்கள். வெளியே சொன்னால் நடத்தையைப் பற்றிப் பேச்சு வரும். பூஞ்சைக்கு நடத்தை தெரியாது. பேசுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

தேமலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சங்கப் பாட்டுகளில் தலைவியின் மேனியில் இருக்கும் சுணங்கைப் புலவர்கள் விதவிதமாகப் பாராட்டியிருக்கிறார்கள். சுணங்கு என்றால் தேமல் என்று உரைகாரர்கள் எழுதினார்கள். எங்க பேராசிரியர் ஒருத்தர் அதை உருகி உருகி நடத்தினார். எங்க ஹாஸ்டலில் பாதிப் பெண்களுக்குக் கழுத்தில், முதுகில் தேமல். “குளிக்கிறதே இல்லையா?” என்று கேட்பார் வார்டன். கவிதையின் தேமலும் தோல் டாக்டரின் தேமலும் ஒன்றேதான் என்று சாதிக்க நான் வரவில்லை. சொல் ஒன்றுதான். அது தலைவி மேனியில் அழகு, கூலிக்காரி மகள் கழுத்தில் அழுக்கு. மாறியது தோல் இல்லை.

6

உலக மருத்துவ வரலாற்றில் மதுரையின் பெயர் பொறித்த ஒரு நோய் இருக்கிறது. 1842ல் மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கில மருத்துவர் கால் அழுகும் நோய் ஒன்றைக் குறித்து வைத்தார். பிறகு அதற்கு மதுராக் கால் என்றே பெயர் வந்தது. பம்பாயில் கார்ட்டர் என்ற மருத்துவர் அதற்குப் பூஞ்சை காரணம் என்று ஆராய்ந்து, 1874ல் தனிப் புத்தகமே எழுதினார். அந்த நோயை உண்டாக்கும் முக்கியமான பூஞ்சைக்கு மதுரெல்லா என்று பேர். இதே நோயைச் சில பாக்டீரியாக்களும் உண்டாக்கும் என்பது பின்னால் தெரிந்தது. ஆனைக்கால் வேறு, இது வேறு.

இந்தப் பூஞ்சை மண்ணில் இருக்கிறது, முள்ளில் இருக்கிறது. மனுசர் உடம்பு அதற்கு வேண்டியதே இல்லை. வெறுங்காலில் முள் குத்தும்போது தவறி உள்ளே வந்துவிடுகிறது. முதலில் வலிக்காத ஒரு கட்டி. வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை. வருசக் கணக்கில் வளர்ந்து, துளை துளையாகி, குருணை மாதிரி கறுப்பாகவோ வெள்ளையாகவோ கொட்டும். எலும்பைத் தின்றதும் காலை எடுக்க வேண்டிவரும். உலக சுகாதார நிறுவனம் 2016ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கண்டுபிடித்து 174 வருசம் ஆன பிறகு. புறக்கணிப்பு என்ற வார்த்தையைப் போட்டதில் ஒரு நேர்மை இருக்கிறது. சூடானில் கார்ட்டூம் நகரில் 1991 முதல் இந்த நோய்க்கென்றே ஒரு மையம் இயங்கிவந்தது. 2023ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அதையும் சிதைத்துவிட்டது.

யாருக்கு வருகிறது? வெறுங்காலில் நடக்கிற விவசாயக் கூலிக்கு, ஆடுமாடு மேய்ப்பவருக்கு, விறகு பொறுக்குபவருக்கு. ஏன் வெறுங்கால்? வறுமை என்று மருத்துவப் புத்தகங்கள் எழுதும். பாதி உண்மை. மீதியை நாம்தான் எழுத வேண்டும். இந்த நாட்டில் செருப்பைத் தைத்தவர்கள் செருப்புப் போடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். காசிருந்து வாங்கினாலும் ஊர்த்தெருவில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ஒரு கிராமத்துத் தெருவில் சுமார் அறுபது தலித்துகள் முதல் முறையாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். செய்தித்தாளில் வந்தது. செருப்பணிந்து நடந்தது செய்தியாகிற நாடு இது.

முள்ளுக்குச் சாதி தெரியாது. பூஞ்சைக்குத் தெரியாது. ஆனால் முள்ளுக்கும் காலுக்கும் நடுவே ஒரு தோல் துண்டை வைக்கக்கூடாது என்று தடுத்த கைக்குத் தெரியும். நோயின் காரணம் பூஞ்சை, குற்றம் அந்தக் கையினுடையது. காரணத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் அறத்தின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

இப்போதும் அதுதான் நடக்கிறது. 2021ல் கொரோனாவின் ரெண்டாம் அலையில் கரும்பூஞ்சை என்று நாடே நடுங்கியது. ஜூன் கடைசிக்குள் 40,000 பேருக்கு மேல். அந்தப் பூஞ்சையின் வித்துகள் நாம் தினமும் மூச்சில் இழுப்பவைதான். கட்டுப்படாத சர்க்கரையும் வரைமுறை இல்லாமல் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து கதவைத் திறந்துவிட்டன. பூஞ்சையின் நிறம்கூடக் கறுப்பில்லை. அது கொன்ற திசுதான் கறுத்துப்போகிறது. ஆனாலும் கறுப்பு என்ற பெயர் எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது பாருங்கள்.

படர்தாமரையும் அப்படியே. மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ரெண்டு நாளில் அரிப்பு நிற்கும், உள்ளே பூஞ்சை கொழுக்கும். 2018ல் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில், களிம்பு கவுண்டரில். இப்போது வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு படர்தாமரை இந்தியாவிலிருந்து பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. 2020ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. முன்பு மதுரை, இப்போது இந்தியா.

7

மறுபடியும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். சேர்ந்து வாழ்வது நல்லதா?

நம் தோழர்கள் சிலர் இந்த விஞ்ஞானத்தைக் கேட்டதும் சந்தோஷப்படுகிறார்கள். “பாத்தியா தோழர், சுத்தமான உடம்புன்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் கலப்பு. தீட்டுக்கு அடிப்படையே போச்சு” என்கிறார்கள். அடிப்படை போனது உண்மை. ஆனால் தீட்டு என்றைக்கு அடிப்படையோடு நின்றது? 1927ல் மகத்தில் பாபாசாகேபோடு மக்கள் குளத்தில் தண்ணீர் குடித்தபோது, தீட்டுப்பட்ட குளத்தைச் சுத்தப்படுத்த 108 குடம் ஊற்றினார்கள். குடத்தில் இருந்தது சாணி, மூத்திரம், பால், தயிர். சாணியைப் போலப் பூஞ்சை செழிக்கிற இடம் வேறில்லை. அவர்கள் நுண்ணுயிருக்குப் பயந்து அதைச் செய்யவில்லை. சமத்துவத்துக்குப் பயந்து செய்தார்கள். அதனால் எல்லார் தலையிலும் ஒரே ஈஸ்ட்தான் என்று நிரூபித்துக் காட்டினாலும் அவர்கள் தலை குனியாது. சமத்துவம் நுண்ணோக்கியில் தெரிகிற பொருள் இல்லை. அது கேட்டு வாங்க வேண்டியது.

ஆனாலும் பூஞ்சையைப் படித்ததில் எனக்கு லாபம் இல்லாமல் இல்லை. அமைதி என்ற சொல்லை எடுத்ததும் நம்பக்கூடாது என்று தெரிந்துகொண்டேன். “எங்க ஊர்ல பிரச்சினையே இல்ல, எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் இருக்கோம்” என்று ஒருவர் சொன்னால், உதவியால் வந்த அமைதியா, உறிஞ்சியும் சத்தம் வராததால் வந்த அமைதியா என்று கேட்க வேண்டும். சேர்ந்து வாழ்வது என்பது ஒரு நிலைமை. அதுவே நன்மை ஆகிவிடாது. யார் எந்த நிபந்தனையில், யார் போட்ட நிபந்தனையில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதில்தான் நன்மை தீமை இருக்கிறது.

பூஞ்சையும் மனித உடம்பும் தங்கள் நிபந்தனைகளை உட்கார்ந்து பேசிக்கொள்ள முடியாது. கோடிக்கணக்கான வருசப் போக்கில் ஏதோ ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கின்றன. மனுசரும் மனுசரும் பேச முடியும். பேச முடிந்தும் பேசாமல், இயற்கை, வழக்கம், சுத்தம் என்று எதையாவது சாக்குச் சொல்கிற இடத்தில்தான் அநியாயம் உட்கார்ந்திருக்கிறது.

எனவே எங்கள் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறோம். எந்தத் தெருவிலும் செருப்பு. சேற்றில் நிற்கிற நேரத்துக்கு ஓர் எல்லை, நடுவில் வரப்பில் ஏறிக் காலை உலர்த்த நேரம், அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி. ஈரத் துணி மாற்ற மறைவான இடம். சர்க்கரையைப் பார்த்துச் சொல்ல ஊரிலேயே ஓர் ஆள். புண்ணைக் கையால் தொட்டுப் பார்க்கிற டாக்டர். இத்தனையும் கிடைத்த பிறகும் எங்கள் விரலிடுக்கில் அந்தப் பூஞ்சைகள் இருக்கத்தான் போகின்றன. இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றோடு எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை.